பழைய செயின் டிராக்டருக்கு பிடிஓ ஷாஃப்ட் போடுதது எப்படி?

திசையன்விளை பக்கம் தேரி மண்ணுல டயர் வண்டி புதைஞ்சிரும், டயருக்குப் பதிலா இரும்புச் செயின் பட்டைல ஓடுற செயின் வண்டின்னா அசராம போகும், அதுக்காகத்தான் மச்சான் ஒரு பழைய செயின் டிராக்டர் வாங்கினாரு. தென்னை மட்டைய தூளாக்குற மெஷின மாட்டலாம்னு பாத்தா பின்னாடி பிடிஓவே இல்ல, அதாவது இன்ஜின் சக்திய மெஷினுக்கு எடுத்துக் கொடுக்குற ஷாஃப்ட். நாங்க போட்ட முறைய புதுசா இறங்குறவங்களுக்காக வரிசையா எழுதுதேன். ஷாஃப்ட்ட கடைசியா பாருங்க, வேகமும் சுத்துற திசையும்தான் முதல் வேலை.

முதல்ல இன்ஜின ஆஃப் பண்ணி, வண்டி உருளாம கட்டை கொடுத்து, கியர் பாக்ஸ் ஆயில வடிச்சிட்டு பின்பக்கத்து கவர் பிளேட்ட கழட்டுங்க. பழைய வண்டிகள்ல பலதுக்கு பிடிஓ தனியா காசு கொடுத்து வாங்குற அயிட்டம், வாங்காத வண்டிக்கு அந்த ஓட்டைய மூடித்தான் அனுப்புவாங்க. டார்ச் அடிச்சா உள்ள ஒரு ஷாஃப்ட் முனை தெரியும், அதுல ஸ்ப்லைன் பல் (ஷாஃப்ட் நீளத்துக்கு வெட்டுற பல்) வெட்டியிருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, அதுக்கேத்த கப்ளிங் (ரெண்டு ஷாஃப்ட்ட சேக்குற இணைப்பு) செஞ்சு மாட்டிரலாம். பல் இல்லன்னா ஷாஃப்ட்ட கழட்டி கியர் வெட்டுற பட்டறைல கொடுங்க, தயவுசெஞ்சு வெல்டு மட்டும் வைக்காதீங்க. ஒரு பட்டறைல சொன்னாங்கன்னு நாங்க வச்சோம், மூணாவது நாளே வெல்டுக்குப் பக்கத்துலயே முறிஞ்சிட்டு, ஹார்டு பண்ணின இரும்புல அந்தச் சூடு பட்டா அதோட பலமே மாறிரும்.

அடுத்து வேகம். அந்த ஷாஃப்ட் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு டேக்கோமீட்டர் வச்சுப் பாருங்க, எங்க வண்டில 1500 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 1500 சுத்து, மெஷினுக்கு வேண்டியது 540. 1500-ஐ 540-ஆல வகுத்தா 2.78, அதனால 18 பல்லுல ஒண்ணும் 50 பல்லுல ஒண்ணுமா கியர் போட்டோம். நேரா மாட்டியிருந்தா கிட்டத்தட்ட மூணு மடங்கு வேகம், பிளேடு பிச்சிக்கிட்டு பறந்திருக்கும்.

திசைலதான் நிறையப் பேரு கோட்டை விடுதாங்க. வண்டிக்குப் பின்னாடி நின்னு பாத்தா பிடிஓ கடிகார முள் மாதிரி சுத்தணும். ஆனா பெரும்பாலான இன்ஜின் முன்னாடி நின்னு பாத்தாத்தான் அப்படி சுத்தும், பின்னாடி வந்தா எதிர்த்திசை. கியர் ரெண்டும் நேரா கடிச்சா திசை மாறும், செயின் போட்டு இழுத்தா மாறாது, அதனாலதான் நாங்க செயின விட்டுட்டு கியருக்குப் போனோம், ஒரே ஜோடில வேகமும் குறைஞ்சுது திசையும் சரியாச்சு.

வெளிய வர்ற ஷாஃப்ட் 1 3/8 இஞ்ச், அதாவது 35 மி.மீ, 6 பல். பழைய டிராக்டர் ஸ்பேர்ஸ் கடைல கிடைக்கிறத வாங்கிருங்க, புதுசா வெட்டுறதவிட அது உத்தமம். வேகம் குறைஞ்சா முறுக்கு விசை கூடும், அதனால சாதா எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) இரும்பு ராடு தாங்காது. ரெண்டு பக்கமும் பேரிங், ஆயில் சீல். ஷாஃப்ட் முனைல இருந்து இழுவைக் கொக்கி ஓட்டைக்கு 14 இஞ்ச் இருக்கணும், செயின் வண்டில கொக்கி பக்கவாட்டுல ஆடும், பின் போட்டு நடுவுல நிறுத்துங்க. இந்த வண்டி நின்ன இடத்துலயே திரும்புங்கிறதால, திருப்பும்போது பிடிஓவ நிப்பாட்டிருங்க, இல்லன்னா பிடிஓவையும் மெஷினையும் சேக்குற ஷாஃப்ட்டுல மடங்கிக் கொடுக்குற யுனிவர்சல் ஜாயின்ட் போயிரும்.

சுத்துற ஷாஃப்ட்ட மூடுற கார்டு போடாம ஒரு நிமிஷம்கூட ஓட்டாதீங்க. 540-ன்னா செகண்டுக்கு 9 சுத்து, வேட்டி நுனியோ தோள்ல கிடக்குற துண்டோ மாட்டுச்சுன்னா கைய எடுக்கதுக்குள்ள ஆளையே இழுத்துரும். தோப்புல வேலை பாக்குற அண்ணாச்சிங்க எல்லாரும் வேட்டி துண்டோடதான் நிக்காங்க, அவங்கள மனசுல வச்சு ஷாஃப்ட்ட முழுசா மூடுங்க.

கடைசியா புது ஆயில் ஊத்தி, மெஷின் மாட்டாம ஸ்லோல 10 நிமிஷம் ஓட்டி, நிப்பாட்டிட்டு பேரிங் ஹவுஸிங்க தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடுன்னா அலைன்மென்ட் சரியில்ல, அதாவது ஷாஃப்ட் நேர்கோட்டுல இல்ல, ஷிம் (மெல்லிசான தகடு) போட்டு மறுபடி ஓட்டுங்க. எங்களுக்கு ரெண்டு தடவ கழட்டி மாட்டுனதுக்கு அப்புறம்தான் சூடு அடங்குச்சு.