சொல்லிக்கொடுத்தது மூன்றாம் நாள் மறக்கிறதா? ஒரு அட்டை மாட்டுங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற சின்ன ஷெட் எங்களுடையது. ரப்பர் மரத்துப் பாலில் தண்ணீரும் ஆசிட்டும் சேர்த்து உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்குவோம். புதிதாக வருகிற பையனை ஒரு மணி நேரம் பக்கத்தில் நிறுத்தி எல்லாம் சொல்லிக்கொடுப்பேன், அவனும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான், மூன்றாம் நாள் ஆசிட் கேனைக் கையில் வைத்துக்கொண்டு "எவ்வளவு?" என்று நிற்பான். நான் ஷெட்டில் இல்லாத நாள் என்றால் நிற்கவும் மாட்டான், ஊற்றிவிடுவான். அப்படி ஒருநாள் ஆசிட் கூடிப்போய், பால் கட்டியாக இறுகி, ரோலரில் கொடுத்தால் நுழையவே இல்லை. அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு ராத்திரி யோசித்தால், தப்பு என்னுடையது. கையில் இருக்க வேண்டியதைத் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

வேலை செய்கிற நேரத்தில், செய்கிற இடத்திலேயே பார்த்துக்கொள்ள வைக்கும் குறிப்புக்கு ஜாப் எய்ட் என்று பெயர். எங்களுக்கு வெறும் ‘அட்டை’. தாளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, வாளியில் போட்ட ஒரு கோடும் அட்டைதான்.

எந்த வேலைக்கு அட்டை, எதற்கு வேண்டாம் என்பதை முதலில் பிரித்துவிடுங்கள். பால் வெட்டுக்கு அட்டை எழுதிப் பிரயோஜனம் இல்லை. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிறவர், கத்தி தடியில் படாமல் மெல்லிசாகப் பட்டையை விட்டு வெட்ட வேண்டும். அது கைப்பழக்கம், வெட்டி வெட்டித்தான் வரும். அதேபோல ஆசிட் கண்ணில் தெறித்தால் உடனே நல்ல தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் யாரும் அட்டையைத் தேட மாட்டார்கள், ஆகவே இதை மாதம் ஒருமுறையாவது நிற்க வைத்துக் கேட்டுக்கேட்டு மனப்பாடமாக்க வேண்டும். மற்றபடி அளவு உள்ள வேலை, எப்போதாவது மட்டும் வருகிற வேலை, வரிசை மாறினால் காசு போகிற வேலை, ‘இப்படி என்றால் இது, அப்படி என்றால் அது’ என்று பிரிகிற வேலை எல்லாம் அட்டைக்குப் பொருத்தம். துணிக்கடையில் பில் இல்லாமல் மாற்றக் கேட்டு வருகிறவருக்கு என்ன பதில் என்பது கடைசி வகை, கல்லாவுக்கு உள்பக்கம் நாலு வரி ஒட்டினால் போதும்.

அட்டை என்றால் தெரியாதவனுக்கு என்று நினைக்க வேண்டாம். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் போயிங்கின் புது குண்டுவீச்சு விமானம் சோதனை ஓட்டத்தில் கிளம்பிய உடனே விழுந்தது. ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள், எஞ்சினிலும் கோளாறில்லை, வால் பகுதியைப் பூட்டி வைக்கும் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் விமானிகளுக்கு செக்லிஸ்ட் வந்தது. ஆபரேஷன் தியேட்டருக்கென்று உலக சுகாதார நிறுவனம் போட்ட பட்டியலில் மொத்தம் 19 விஷயங்கள்தான். டெல்லி உட்பட 8 ஊர் ஆஸ்பத்திரிகளில் வைத்துப் பார்த்து 2009இல் வெளியிட்ட கணக்கில், நோயாளி இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. சர்ஜனுக்கே பட்டியல் வேண்டியிருக்கிறது என்றால் நாம் எம்மாத்திரம்.

என் முதல் அட்டை படுதோல்வி. இரண்டு பக்கம், முழுக்க வாசகம், ‘ஆகவே தொழிலாளர்கள் கவனத்துடன்’ என்றெல்லாம் எழுதி மேசை டிராயரில் வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஆசிட் கேனுக்கு மூடியாகச் சுருட்டிச் செருகியிருந்தது. போதாக்குறைக்கு ரோலரில் நிற்கிற இரண்டு பேர் ஜார்கண்ட் பையன்கள், தமிழ் எழுத்தே தெரியாது.

அப்புறம் ஒருநாள் முழுக்க ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கை எங்கே தயங்கி நிற்கிறது என்பதை மட்டும் பார்த்தேன். மூன்றே இடம்தான். பாலில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஆசிட், ஆசிட்டைக் கலக்கும்போது எது முதலில். மற்றதெல்லாம் இரண்டு நாளில் அவர்களாகவே பிடித்துக்கொள்கிறார்கள், அதை எழுதுவது தண்டம்.

ஆசிட்டுக்கு எழுத்தே இல்லை. ஆசிட் அளக்கிற குவளையில் சிவப்புக் கோடு, கலக்குகிற வாளியில் நீலக் கோடு. வாளிக்கு மேல் சுவரில் இரண்டு படம்: முதலில் தண்ணீர், அதற்குள் ஆசிட். தலைகீழாக ஆசிட்டில் தண்ணீரை விட்டால் கொதித்துத் தெறிக்கும் என்பதால் மாறிய படத்தின் மேல் பெரிய பெருக்கல் குறி.

தண்ணீருக்குக் கணக்கு வேண்டும். மரத்துப் பாலில் ரப்பர் சுமார் 30 முதல் 40 சதவீதம் இருக்கும், ஷீட்டுக்கு அதை 12.5க்கு இறக்க வேண்டும். இதை வகுத்துப் பார் என்று ஈரக் கையோடு நிற்பவனிடம் சொன்னால் நடக்குமா? நானே வகுத்து எழுதிவிட்டேன்: மெட்ரோலாக்கில் (பாலில் எவ்வளவு ரப்பர் என்று காட்டும் கருவி) பார்த்த பால் 40 என்றால் லிட்டருக்கு 2.2 லிட்டர் தண்ணீர், 35க்கு 1.8, 30க்கு 1.4, 25க்கு 1. நாலு வரி, எண்கள் மட்டும், பெரிசாக. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டே, மரத்தில் பால் பிடிக்கிற சிரட்டையில் மழைத்தண்ணீர் விழுந்த நாளில் வழக்கமான அளவை ஊற்றினால் பால் நீர்த்துப்போகும், அதனால் அட்டையின் மேல் மூலையில் ஒரு குடைப் படம், அதற்குக் கீழே மெட்ரோலாக் படம்: மழை என்றால் அளந்து பார்த்துவிட்டு ஊற்று.

லேமினேஷன் போடும்போது ஒரு விஷயம். கடைக்காரர் அழகாக இருக்கட்டும் என்று தாள் விளிம்போடு ஒட்ட வெட்டித் தருவார், விடாதீர்கள், சுற்றிலும் ஒரு விரல் அகலம் பிளாஸ்டிக் இருக்கட்டும். கயிறு கட்டும் ஓட்டையையும் அந்த ஓரத்திலேயே போடுங்கள். தாளில் ஓட்டை போட்டால் ஒரு ஆனி மழைக்கே உள்ளே பூசணம் பிடித்துவிடும்.

மாட்டுமுன் சோதனை. வேலையே தெரியாத ஒருவரிடம் அட்டையைக் கொடுத்துச் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும், இதுதான் கஷ்டமே. அவர் நிற்கிற இடம், திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிற இடம் ஒவ்வொன்றும் அட்டையின் குறை. என் மைத்துனனை வைத்துப் பார்த்தபோது சிவப்புக் கோட்டின் மேல்விளிம்பா கீழ்விளிம்பா என்று கேட்டான். எனக்கே பதில் தெரியவில்லை. கோட்டை மெல்லிசாக்கினேன்.

பயிற்சியையும் மாற்ற வேண்டியிருந்தது. முன்பு எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத் தாளைக் கையில் கொடுப்பேன். இப்போது முதல் நாளிலிருந்தே அட்டை முன்னால்தான் பாடம். இரண்டாம் நாளிலிருந்து ஒரு சின்ன வேலை கூடுதல்: அட்டையைப் பார்க்குமுன் "இன்றைக்கு 35, எவ்வளவு தண்ணீர்?" என்று கேட்பேன், அவன் சொன்ன பிறகு பார்த்துச் சரிபார்ப்பான். சும்மா திரும்பத் திரும்பப் படிப்பதைவிட யோசித்து எடுத்துச் சொல்வதுதான் மனதில் நிற்கிறது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் 1885இலேயே மறதியை அளந்து, ஒரே நாளில் பெரும்பகுதி போய்விடுகிறது என்று காட்டினார். ஆனால் அவர் தன்னை வைத்து, அதுவும் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து பார்த்தது அது. பயிற்சி வகுப்புகளில் அந்தக் கணக்கை வளைகோடாக வரைந்து காட்டி ‘உங்கள் ஆட்கள் இத்தனை சதவீதம் மறப்பார்கள்’ என்று அடித்துவிடுவதை நான் நம்புவதில்லை.

அனுபவசாலிகள் முறைப்பார்கள். எங்கள் ஷெட்டின் மூத்த அண்ணன், "எதுக்கு மக்கா இது, எனக்குக் கண்ணளவு தெரியாதா?" என்று கேட்டார். தெரியும், அவருக்கு அட்டை தேவையும் இல்லை. அதனால் அட்டையைத் திருத்துகிற பொறுப்பை அவரிடமே கொடுத்தேன். மூலையில் தேதி எழுதுவதும் அவர்தான். புதுசு மாட்டினால் பழையதை அன்றைக்கே இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுகிறார். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கினால் பையன்கள் பழையதைத்தான் பார்ப்பார்கள் என்கிறார்.