பள்ளிக்கூடத்தில் பல் நலத் திட்டம்: புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

ஆரம்பப் பள்ளிகளில் பல் நலத் திட்டம் தொடங்கப்போகிறோம், பார்த்துச் சொல்லுங்கள் என்று யாராவது ஓர் அறிக்கையை அனுப்பினால், உள்ளே என்ன இருக்கும் என்று திறக்காமலே சொல்லிவிட முடிகிறது. முகாம், விழிப்புணர்வு உரை, இலவச பிரஷ், குழுவாக ஒரு போட்டோ. வந்த புதிதில் நாங்கள் எழுதியதும் இதேதான் என்பதால் சிரிக்கவும் மனம் வருவதில்லை. கையுறை மாற்றுவது, கருவிகளை முறையாகக் கிருமி நீக்குவது, பெற்றோரிடம் சம்மதம் வாங்குவது இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் குழந்தையின் வாயில் கை வைக்கவே கூடாது. அரசிடம் பணம் குறைவு, பல் மருத்துவர் எட்டாத தூரத்தில் என்கிற நாடுகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பார்த்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பது

இதைப் பேச ஆரம்பித்தாலே எரிச்சல் வரும், அதனால் கொஞ்சம் நீளும். ஒரு வண்டி நிறைய ஆட்கள் வருகிறார்கள், வராந்தாவில் நாற்காலி போடுகிறார்கள், பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வந்து வாயைத் திறக்கிறார்கள், ஒருவர் பார்த்துச் சொல்ல இன்னொருவர் குறிக்க, மதியத்துக்குள் பள்ளி முழுக்க முடிந்துவிடுகிறது. சொத்தை இருக்கும் பிள்ளையின் கையில் ஒரு சீட்டு: 'பல் மருத்துவரைப் பார்க்கவும்'. எந்தப் பல் மருத்துவரை? சுற்றுவட்டாரத்தில் ஒருவர் இருந்தால்தானே. இருந்தாலும் அவரிடம் போனால் அன்றைய கூலி போச்சு, பஸ் செலவு, வைத்தியச் செலவு, போதாததற்குப் பால் பல்தானே, தானாக விழுந்துவிடும் என்ற நினைப்பு. சீட்டு பைக்குள்ளேயே கிடந்து நைந்துபோகும்.

ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. கீழ்க் கடைவாயில் ஒரு பல் ஈறு மட்டத்துக்குக் கரைந்துபோயிருந்தது, அதன் ஓரத்தில் சீழ்க் கொப்புளம், லேசாக அழுத்தினால் மஞ்சளாகக் கசிந்தது. எதைச் சாப்பிட்டாலும் ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள், வகுப்பில் கன்னத்தில் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பாள் என்றார் ஆசிரியை. அவளுடைய நோட்டு அட்டைக்குள் பழைய சீட்டுகளைச் செருகி வைத்திருந்தாள். வேறு வேறு குழுக்கள், வேறு வேறு ஆண்டுகள், எல்லாவற்றிலும் அதே பல்லின் எண். அந்தக் குழுக்கள் ஒவ்வொன்றின் கணக்கிலும் அவள் 'பயனடைந்த மாணவி'.

சரி, சீட்டு கொடுத்தால் சிலராவது போவார்கள் அல்லவா என்று கேட்பார்கள். மருத்துவர் பக்கத்திலேயே இருக்கும் வடமேற்கு இங்கிலாந்தில் இதைப் பெரிய அளவில் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். பள்ளியில் பல் பரிசோதனை செய்ததால் சொத்தையும் குறையவில்லை, மருத்துவரிடம் போகிறவர்களும் கூடவில்லை. அங்கேயே அப்படியென்றால், மருத்துவரே இல்லாத இடத்தில் அந்தச் சீட்டு எதற்கு? வண்டிக்கும் ஆட்களுக்கும் சாப்பாட்டுக்கும் ஆன பணத்தைக் கூட்டிப்பாருங்கள், அந்தப் பள்ளிக்கு நீண்ட நாளைக்குப் பேஸ்ட் வாங்கியிருக்கலாம்.

பார்ப்பதற்கு முன்பே, பார்த்தபின் என்ன செய்வோம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். வலியும் சீழும் இருக்கும் பல்லை அங்கேயே மரக்கச் செய்து எடுக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், அது முதல் வேலை. அடைக்கக்கூடிய குழிகளுக்கு ஏ.ஆர்.டி. என்ற முறை இருக்கிறது. 1980களின் நடுவில் டான்சானியாவில் உருவானது. மின்சாரம் வேண்டாம், டிரில் வேண்டாம், கைக் கருவியால் மெத்தென்று ஆன சொத்தையைச் சுரண்டிவிட்டு கிளாஸ் அயனோமர் என்ற பல் அடைக்கும் சிமென்ட்டை விரலால் அழுத்தி அடைப்பது. இன்னொன்று சில்வர் டயமைன் ஃபுளோரைடு. சொட்டு மருந்தாகத் தடவினால் பல சொத்தைகள் மேற்கொண்டு பரவாமல் நின்றுவிடும். சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு கலந்த பற்பசை, இந்த மருந்து, அந்தச் சிமென்ட் மூன்றையுமே உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு எச்சரிக்கை: சில்வர் தடவிய சொத்தை கறுத்துப்போகும். இதை முன்கூட்டியே, படம் காட்டி, வீட்டுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தடவிய ஒரு பள்ளிக்கு மறுநாள் காலையிலேயே ஒரு பாட்டி பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "நல்லா இருந்த பல்லைக் கரியாக்கிட்டீங்களே" என்று போட்ட சத்தத்தில், அதற்கப்புறம் எந்த வீட்டிலிருந்தும் சம்மதம் வரவில்லை.

கணக்கெடுப்பிலும் இதே கோளாறுதான். சொத்தை, எடுத்த பல், அடைத்த பல் என்று எண்ணும் டி.எம்.எஃப்.டி. குறியீட்டில் சீழ் தெரியாது. அதற்காகத்தான் 2010இல் பி.யு.எஃப்.ஏ. என்ற குறியீட்டை முன்வைத்தார்கள். பல்கூழ், அதாவது பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் மென்மையான பகுதி, திறந்திருக்கிறதா, புண் இருக்கிறதா, சீழ் வழியும் துளை இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது. பிலிப்பைன்ஸின் 2006 தேசியக் கணக்கெடுப்பில் ஆறு வயதுப் பிள்ளைகளில் 97 சதவீதம் பேருக்குச் சொத்தை, 85 சதவீதம் பேருக்கு இந்தக் கடைசிக் கட்டக் கோளாறுகள். இப்படிச் சீழ் பிடித்த பற்கள் இருந்த பிள்ளைகளில் எடை குறைந்தவர்கள் அதிகம் என்பதும் அங்கே பதிவானது. மெல்ல முடியாத பிள்ளை எப்படிச் சாப்பிடும்?

சிகிச்சைக்கு வழியே இல்லையென்றால் வாயைத் திறக்கவே சொல்லாதீர்கள். அந்தப் பணத்தை அடுத்து சொல்லப்போவதில் போடுங்கள்.

பேச்சே போதும் என்று நம்புவது

பெரிய பல் மாடல், பெரிய பிரஷ், வட்டமாகத் தேய்க்கணும், புரிஞ்சுதா? "புரிஞ்சுது" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள். புரிந்தது உண்மைதான், ஆனால் வீட்டில் பேஸ்ட் இல்லை. 1990களிலேயே இது குறித்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தவர்கள் சொன்னது: பாடம் நடத்தினால் அறிவு கூடும், ஃபுளோரைடு சேராமல் சொத்தை குறைந்ததற்குச் சான்று இல்லை. தினமும், பள்ளியிலேயே, எல்லோரும் சேர்ந்து, ஃபுளோரைடு பேஸ்ட்டால் தேய்ப்பதுதான் வேலை செய்கிறது. பிலிப்பைன்ஸின் 'ஃபிட் ஃபார் ஸ்கூல்' திட்டம் இதைத்தான் செய்தது: தினமும் சோப்பு போட்டுக் கைகழுவுதல், தினமும் பல் தேய்த்தல், ஆண்டுக்கு இருமுறை வயிற்றுப் பூச்சிக்கு மருந்து. நடத்தியது பல் மருத்துவர்கள் அல்ல, வகுப்பாசிரியர்கள். பிறகு கம்போடியா, லாவோஸ், இந்தோனேசியா என்று பரவியது. குழாய் வசதி இல்லையே என்பார்கள். துளை போட்ட ஒரு நீளக் குழாயும் தண்ணீர் ஓட ஒரு வாய்க்காலும் இருந்தால் ஒரு வகுப்பே வரிசையில் நிற்கலாம், அதுவும் இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு குவளை.

ஆசிரியருக்கு இதற்கென்று தனிப் பதிவேடு ஒன்றை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இருக்கிற பதிவேடுகளிலேயே அவர் மூழ்கிக் கிடக்கிறார்.

பேஸ்ட் டியூபின் பின்பக்கத்தைப் படிக்காதது

1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு என்ற அளவு) ஃபுளோரைடு இருக்க வேண்டும். விலை குறைந்ததை வாங்கிவிட்டு, பிறகு பார்த்தால் ஃபுளோரைடே இல்லாத மூலிகைப் பேஸ்ட். அச்சிட்டிருந்தாலும், சுண்ணாம்புத் தூள் கலந்த பேஸ்ட்டில் நாள் ஆக ஆக, வேலை செய்யும் ஃபுளோரைடு குறைந்துகொண்டே வரும். எனவே தயாரிப்புத் தேதியையும் பாருங்கள், மொத்தமாக வாங்கி வெயிலடிக்கும் அறையில் அடுக்காதீர்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும் பகுதிகள் உண்டு. அங்கே தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகம் உள்ளே போவதால், சின்னப் பிள்ளைகள் பேஸ்ட்டை விழுங்காமல் பார்ப்பது இன்னும் முக்கியம்.

பிரஷ் நீளத்துக்குப் பேஸ்ட்

பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருகிற அலை, பேஸ்ட் விற்பதற்கு.

தேய்த்ததும் வாய் நிறையத் தண்ணீர்

துப்பினால் போதும். கொப்பளித்தால் ஃபுளோரைடும் கூடவே போய்விடும்.

ஆறு வயதில் வரும் பல்லைக் கோட்டைவிடுவது

முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஆறு வயதையொட்டி, எந்தப் பால் பல்லும் விழாமல், கடைசியில் சத்தமில்லாமல் முளைக்கும். வீட்டில் அதையும் பால் பல் என்றே நினைப்பார்கள். முழுதாக மேலே வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருப்பதால் நேராகத் தேய்க்கும் பிரஷ் அதன் மேலாகத் தாண்டிப் போய்விடும். கன்னத்துப் பக்கமிருந்து பிரஷைக் குறுக்காக நுழைத்துத் தேய்க்க வைக்க வேண்டும். ஒரு வகுப்பை மட்டும் கவனிக்கத்தான் ஆள் இருக்கிறது என்றால் முதலாம் வகுப்பை எடுங்கள், அந்தப் பல்லின் பள்ளங்களைச் சிமென்ட்டால் மூடிவிடவும் முடியும்.

எல்லா பிரஷும் ஒரே டப்பாவில்

கூடாது. பெயர் எழுதி, ஒன்றோடொன்று உரசாமல், தலை மேலே இருக்க, காற்றாட.

பரிசாக மிட்டாய்

நம்ப மாட்டீர்கள், குளிர்பான நிறுவனத்தின் பேனரோடும் பார்த்திருக்கிறேன்.

முதல் ஆண்டுக்கு மட்டும் பணம்

சின்னப் பிள்ளைகள் பிரஷைக் கடிப்பார்கள், மூன்று நான்கு மாதத்தில் நார் பிரிந்து பூப்போல விரிந்துவிடும். பேஸ்ட் அதற்கும் முன்பே தீரும். நன்கொடையில் தொடங்கிய பள்ளிகளில் இந்த இடத்தில்தான் வேலை நின்றுபோகிறது, ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்று பழியும் அவர்கள் மேல் விழுகிறது. பிலிப்பைன்ஸில் கல்வித் துறையே இதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டதால்தான் அங்கே அந்த அளவுக்குப் போக முடிந்தது என்பது என் எண்ணம். சுகாதாரத் துறையிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். இரண்டாம் ஆண்டின் பேஸ்ட்டும் பிரஷும் யார் கணக்கில் என்று கல்வி அலுவலகத்திலிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள், அது வரும்வரை ஒரு பிரஷைக்கூட வினியோகிக்க வேண்டாம்.