உயரம் கூட்டும் தண்டுகளைக் கழற்றிய பிறகு

லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 போன்ற ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும்) வண்டிகளில் உயரம் கூட்ட ஒரு மலிவான தந்திரம் உண்டு: உயர சென்சாரின் இணைப்புத் தண்டுகளை அளவு மாற்றிப் பொருத்துவது. வண்டி தாழ்ந்திருப்பதாக நம்பி, கணினி காற்றை ஏற்றிவிடும். பச்சையாகச் சொன்னால், கணினியிடம் பொய் சொல்கிறோம்.

பழைய தண்டுகளை மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். சென்சாரையும் கணினியில் பதிந்திருக்கும் உயர அளவுகளையும் யாரும் தொடாமல் இருந்தால் அது உண்மைதான். இடையில் யாராவது அளவை மாற்றியிருந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தோ, அளவுக்கு மேல் தாழ்ந்தோ நிற்கும்.

டயர் காற்றைச் சரிபார்த்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். வீட்டு வாசல் பெரும்பாலும் சமதளமல்ல. ரசமட்டம் வைத்துப் பாருங்கள். என்ஜினை ஓடவிட்டு, சாதாரண உயரத்தில் வண்டி அமைந்ததும், சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் புகுந்துவிடும். பணிமனைக் கையேட்டின் அளவோடு ஒப்பிட்டு, ஏர் சஸ்பென்ஷனுக்குள் நுழையக்கூடிய ஸ்கேன் கருவியால் ஒவ்வொரு மூலையின் உயர அளவையும் திருத்துங்கள். என்ஜின் கோளாறுகளைப் படிக்கும் சாதாரண ஓபிடி கருவிக்கு அது எட்டாது. சிறிது தூரம் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

உயரம் மாறியதால் வீல் அலைன்மெண்ட்டையும் முகப்பு விளக்கின் கோணத்தையும் பார்த்துவிடுவது நல்லது. வண்டியைத் தாங்கும் ஆக்சில் ஸ்டாண்ட் கொடுக்காமல் வண்டிக்கு அடியில் மட்டும் நுழையாதீர்கள். காற்று எந்த நொடியும் இறங்கலாம்.