சருகைச் சேர்த்துவிட்டுத் தொட்டியைக் கட்டுங்கள்: விடுதி மெஸ் கழிவை உரமாக்கும் முறை

பாலக்காடு மாவட்டத்து வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வட்டாரக் கல்லூரிகளில் மெஸ் கழிவுக்குக் கட்டும் உரத்தொட்டி தை, மாசியில் நன்றாக நடக்கும். ஆனி பிறந்ததும் நாறத் தொடங்கும். காரணம் தொட்டியில் இல்லை. வெயில் காலத்தில் கூட்டிய சருகையெல்லாம் எரித்திருப்பார்கள். மழையில் ஈரச்சோற்றோடு கலக்க ஒரு கை சருகு மிஞ்சியிருக்காது. வளாகத்தில் சருகு எரிப்பதை நிறுத்துவதுதான் முதல் வேலை.

முதலில் எடை போடுங்கள். ஞாயிறும் அசைவ நாளும் உட்பட ஏழு நாள், சமையலறைக் கழிவையும் தட்டில் மிஞ்சுவதையும் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். தட்டில் மிஞ்சுவதே அதிகம் என்றால், தொட்டியைப் பெரிதாக்காமல் பரிமாறும் கரண்டியைச் சிறிதாக்குங்கள். மேற்கொண்டு வரும் கணக்கு நாளுக்கு 60 கிலோ கழிவு என்று வைத்துப் போட்டது.

கழிவு மூன்று பங்குக்குச் சருகு ஒரு பங்கு, எடையில். 60 கிலோவுக்கு 20 கிலோ சருகு. சோற்றிலும் காய்கறியிலும் நைட்ரஜனும் நீரும் கூடுதல், சருகில் கரிமம் கூடுதல். இந்த அளவில் கலந்தால் கரிமம் நைட்ரஜனைப்போல் 25 மடங்குக்குச் சற்று மேலே நிற்கும், ஈரம் 60 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை 150 நாளுக்கு 3,000 கிலோ சருகு வேண்டும். மிதித்து அடைத்தால் ஒரு சாக்கில் 8 முதல் 10 கிலோ பிடிக்கும். ஆக 300 சாக்குக்கு மேல். தை முதல் பங்குனிக்குள் சேர்த்து, தரையில் படாமல் மரப்பலகைமேல் அடுக்கி, தகரக் கூரைக்குக் கீழே வையுங்கள். தேக்கிலையை அப்படியே போட்டால் தட்டுத்தட்டாக ஒட்டிக் காற்றை அடைத்துவிடும்; நொறுக்கிப் போடுங்கள். கயிறு ஆலைகளில் மலிவாகக் கிடைக்கும் தேங்காய் நார்த்தூள் தண்ணீரை உறிஞ்சும், ஆனால் காற்றுக்கு இடம் விடாது. மேலே தூவ மட்டும் ஆகும். சருகுக்கு மாற்று ஆகாது.

தொட்டிக்குத் திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில் உருவான முறையே போதும். கேரளத்தில் பல இடங்களில் பழகியது, கிளறும் வேலையும் இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 4 அடி. சுவர் நெடுகச் செங்கலுக்குச் செங்கல் இடைவெளி விட்டு, எலி நுழையாமல் உள்ளே அரை அங்குலக் கம்பிவலை அடியுங்கள். தரையை அரை அடி உயர்த்துங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மழையை மேற்கிலிருந்து சாய்த்து அடிக்கும்; அந்தப் பக்கம் கூரையை 3 அடி நீட்டுங்கள்.

முதலில் இரண்டு தொட்டி கட்டி, ஒன்று நிரம்ப எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். நிரம்பிய தொட்டி 90 நாள் சும்மா கிடக்க வேண்டும். 18 நாளில் நிரம்பினால், 90ஐ 18ஆல் வகுத்து ஐந்து, நிரப்ப ஒன்று, அவசரத்துக்குக் கைவசம் ஒன்று, மொத்தம் ஏழு.

அடியில் அரை அடி பச்சைச்சாணம், அதன்மேல் அரை அடி சருகு. பிறகு அன்றைய கழிவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்பி, மெல்லச் சாணம் தெளித்து, சருகால் முழுக்க மூடுங்கள். காய்ந்துபோன பழைய சாணம் வேலைக்கு ஆகாது. சாம்பார், ரசம், மோர்க்கறி எல்லாம் ஓட்டைக் கூடையில் அரைமணி நேரம் வடிந்த பிறகுதான் தொட்டிக்கு வரலாம். வடித்த கஞ்சியைத் தொட்டியில் ஊற்றவே கூடாது; பக்கத்தில் மாடு வைத்திருப்பவருக்குக் கொடுத்துச் சாணமாகத் திரும்ப வாங்குங்கள். வாழையிலையை ஒரு சாண் துண்டாக நறுக்குங்கள், ஓணச் சத்யா விருந்து முடிந்த அன்று கட்டாயம். எலும்பும் முட்டை ஓடும் தொட்டிக்குப் போகலாம். பால்கவரும் பிளாஸ்டிக்கும் கழுவிக் காயவைத்து, மக்காத கழிவு சேகரிக்க வரும் ஹரித கர்ம சேனையிடம் கொடுங்கள்.

மூன்றாம் நாள் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். கையில் பிடிக்க முடியாதபடி சுட்டால் குவியல் சரி. நீண்ட காம்புள்ள வெப்பமானி இருந்தால் 55 டிகிரிக்கு மேல் மூன்று நாளாவது நிற்கிறதா பாருங்கள். நோய்க்கிருமி சாவது அந்தச் சூட்டில்தான். சூடே இல்லையென்றால் ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வர வேண்டும். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். மார்கழி, தையில் கிழக்குக் காற்று தொட்டியின் ஓரத்தை உலர்த்திவிடும். ஒழுகினால் சருகு சேருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை: கம்பியால் நாலைந்து இடம் துளைத்துச் சருகு திணியுங்கள். மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடிக்கும் சருகுதான் மருந்து. புழு நெளிந்தால் பயப்பட வேண்டாம், பூச்சிமருந்தும் அடிக்க வேண்டாம். மேல்மூடல் மெல்லியதாகிவிட்டது என்று அர்த்தம்.

90 நாள் கழித்து எடுத்து நிழலில் இரண்டு வாரம் ஆறப் போட்டுச் சலியுங்கள். உரமும் மண்ணும் சரிபாதி கலந்த ஒரு சட்டியிலும் வெறும் மண் சட்டியிலும் பத்துப் பத்துப் பச்சைப்பயறு ஊன்றுங்கள். நாலாம் நாள் இரண்டிலும் ஒரேபோல் முளைத்திருந்தால் தோட்டத்துக்குப் போடலாம். உரச்சட்டி பின்தங்கினால் இன்னும் இரண்டு வாரம் ஆறட்டும். சல்லடையில் நின்ற கட்டையைக் கொட்டிவிடாதீர்கள். அடுத்த தொட்டியில் முதல் அடுக்குச் சருகோடு கலந்துவிடுங்கள்.