நியூ இங்கிலாந்துக்குப் போன முன்னோரின் ஊரைக் கண்டுபிடிக்க
1620–1640 காலத்தில் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் (அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் ஒரு பகுதி) போனவரின் பூர்விகத்தைத் தேடும்போது, இங்கிலாந்துப் பதிவேடுகளை உடனே திறக்காதீர்கள். முதலில் அமெரிக்கப் பக்கத்து உயில், நிலப் பத்திரம், சர்ச் உறுப்பினர் பட்டியலை முடியுங்கள். கூடவே குடியேறிய அண்டைவீட்டார் பல சமயம் ஒரே வட்டாரத்துக்காரர்கள். அவர்களின் ஊர் நல்ல துப்பு.

அடுத்தது இங்கிலாந்து சர்ச்சுகளின் ஞானஸ்நானப் பதிவேடு. 1538இல் தொடங்கியது என்றாலும் பல ஊர்களில் ஆரம்ப ஏடுகள் இல்லை. 1598 முதல் பிஷப்புக்கு அனுப்பிய நகல்களைத் தேடுங்கள். 1752க்கு முன் அங்கே ஆண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். "1630 பிப்ரவரி" என்றிருந்தால் நம் கணக்கில் 1631. இதைத் தவறவிட்டால், 1630 மே மாதம் மணந்த தம்பதிக்கு அதற்கு முன்பே பிள்ளை பிறந்ததாகத் தெரியும்.

பெயர் பொருந்துவது மட்டும் போதவே போதாது. ஞானஸ்நானப் பதிவில் கிடைத்த குழந்தை சிறு வயதிலேயே இறந்ததா என்று அடக்கப் பதிவையும் பாருங்கள். ஊரிலேயே தங்கிவிட்ட உறவினர் உயிலில் "நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பிக்கு" என்ற மாதிரி ஒரு வரி கிடைத்தால், அதைவிட வலுவான சான்று அரிது. கான்டர்பரி திருச்சபை நீதிமன்றத்தில் பதிவான உயில்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.