பேரிடர்க் காலத்தில் வீட்டு நாய், பூனைகளுக்கு அரசின் உதவியைப் பெறுவது எப்படி?

ஆண்டின் பெரும்பகுதி பாலாறு வெறும் மணலாகக் கிடப்பதால், வேலூர்க்காரர்களான நமக்கு வெள்ளம் என்றாலே வேறு ஊர்ச் செய்தி போலத் தோன்றிவிடுகிறது. ஆனால் 2021 நவம்பரில் பாலாறும் பொன்னையாறும் பெருக்கெடுத்தன. மோர்தானா அணை நிரம்பி வழிந்து குடியாத்தத்தில் கவுண்டன்ய ஆற்றங்கரை வீடுகளைத் தண்ணீர் சூழ்ந்தது. அந்த அவசரத்தில் நாயையும் பூனையையும் என்ன செய்வது என்று யோசிக்க நேரம் இருக்காது. எனவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே இந்தப் படிகளை முடித்துவிடுங்கள்.

படி 1: எதற்கு உதவி உண்டு, எதற்கு இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

2022 முதல் 2026 வரையிலான பேரிடர் நிவாரண நிதி விதிமுறைகளின்படி, பேரிடரில் இறக்கும் கறவை மாட்டுக்கு 37,500 ரூபாயும், ஆட்டுக்கு 4,000 ரூபாயும், கோழிக்கு 100 ரூபாயும் வழங்கப்படுகின்றன. அந்தப் பட்டியலில் நாயும் பூனையும் இல்லை. அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டு கத்ரீனா புயலின்போது செல்லப்பிராணிகளைப் பிரிய மனமின்றிப் பலர் வெளியேற மறுத்த பிறகு, அவசரகாலத் திட்டங்களில் வீட்டு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று 2006-இல் சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய தெளிவான கட்டாயம் இங்கும் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அது வரும்வரை, இப்போது இருக்கும் வசதிகளை முழுமையாகப் பயன்படுத்துவோம்.

படி 2: அரசு கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடுங்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாத வயதில் தொடங்கி, ஆண்டுதோறும் போட வேண்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையொட்டி இலவச முகாம்கள் நடப்பது வழக்கம். எலிக்காய்ச்சல் வெள்ளநீரில் கலக்கும் சிறுநீர் வழியாக நாய்க்கும் மனிதருக்கும் பரவும் என்பதால், அதற்கான தடுப்பூசி குறித்தும் மருத்துவரிடம் கேளுங்கள். தடுப்பூசி அட்டையைக் குடும்ப அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் வைத்து, கைப்பேசியிலும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: முகாமில் இடம் கேளுங்கள்.

என் பார்வையில் இதுவே மிக முக்கியமான படி. பெரும்பாலோர் தவறவிடுவதும் இதைத்தான். உங்கள் பகுதிக்கு எந்தப் பள்ளி அல்லது திருமண மண்டபம் நிவாரண முகாமாகும் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். விலங்குகளை உள்ளே விடுவது பெரும்பாலும் பொறுப்பு அலுவலரின் முடிவைப் பொறுத்தது என்பதால், வகுப்பறையைக் கேட்காமல், வராந்தாவிலோ சைக்கிள் கொட்டகையிலோ ஓர் ஓரத்தை ஒதுக்கித் தருமாறு கேட்டால் இணக்கம் கிடைக்க வாய்ப்பு அதிகம். தெருவில் நாய், பூனை வளர்க்கும் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 4: தூக்கிச் செல்ல வழி செய்யுங்கள்.

பூனைக்குத் தனிக்கூண்டு வாங்க முடியாதவர்கள், காய்கறி மண்டியில் கிடைக்கும் பிளாஸ்டிக் கூடைப்பெட்டிகள் (கிரேட்) இரண்டை வாயோடு வாய் சேர்த்து, ஒரு பக்கத்தைக் கீல்போல் தளர்வாகவும் மறுபக்கத்தை அவிழ்க்கும்படியாகவும் நைலான் கயிற்றால் கட்டினால் போதும். சில வாரங்கள் அதற்குள்ளேயே உணவு வைத்துப் பழக்குங்கள். நாய்க்குக் கழுத்துப்பட்டையும், அதில் உங்கள் கைப்பேசி எண்ணும் இருக்கட்டும்.

படி 5: எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, தீயணைப்பு மீட்புப் பணி 101, கால்நடை மருத்துவ ஆம்புலன்ஸ் 1962. வெளியூரிலிருந்து 1077-ஐ அழைப்பவர்கள், வேலூருக்கு 0416 என்ற குறியீட்டை முன்னால் சேர்க்க வேண்டும். 2019-இல் பிரிந்த இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்குக் குறியீடு வேறு.

படி 6: தண்ணீர் ஏறும்போது.

எந்த நிலையிலும் நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டு வெளியேறாதீர்கள். கட்டப்பட்ட நாயால் நீந்தவும் முடியாது, மேடேறவும் முடியாது. அழைத்துச் செல்லவே இயலாவிட்டால், அவிழ்த்து மாடிக்கு ஏற்றி, உணவும் நல்ல தண்ணீரும் வைத்து, அந்த விவரத்தை மீட்புக் குழுவிடம் சொல்லுங்கள். மிரண்ட நாய் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவியபின் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம்.

நாயோடு ஆடு, கோழியும் வளர்ப்பவர்கள், அவை இறந்தால், படி 1-இல் சொன்ன நிவாரணத் தொகையைப் பெறுவதற்காக, உடனே புதைத்துவிடாமல், முதலில் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை உதவி மருத்துவருக்கும் தகவல் தந்து, அவர்கள் பார்த்துச் சான்றளித்த பிறகே அடக்கம் செய்யுங்கள்.