நம்ம ஊர் பட்டாளத்துக்காரரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

முதல் நாளே "சண்டை எப்படிங்க இருந்துச்சு?"ன்னு கேட்டுடாதீங்க. சினிமாவுல பார்த்ததும் சேர்ந்துதான் பதில் வரும். மெடலைக் கொண்டாரச் சொல்லுங்க. சுதந்திரத்துக்குப் பொறவு கொடுத்த மெடல்னா, விளிம்புல நம்பர், ரேங்க், பேரு பொறிச்சிருக்கும். நம்பரைக் குறிச்சுக்குங்க. பேரை மட்டும் நம்ப முடியாது, கோபிப் பக்கம் ஒரு ஊருக்கு நாலு பழனிச்சாமி இருப்பாங்க.

அப்புறம், பட்டாளத்துக்காரங்க பதிவேடு வெச்சிருக்கற ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குக் கடுதாசி. மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன், பீரங்கிப் படைன்னா நாசிக், சிக்னல்ஸ்னா (தகவல் தொடர்புப் படை) ஜபல்பூர். அவரோ, அவர் இல்லைன்னா வீட்டுக்காரம்மாவோ கையெழுத்துப் போட்டு எழுதட்டும்.

டிரங்குப் பெட்டியில பழைய கடுதாசி கெடச்சா விடாதீங்க. விலாசத்துல 99 ஏபிஓன்னா (ஏபிஓன்னா பட்டாளத் தபால் ஆபீசு) பெரும்பாலும் கிழக்குப் பக்கம், 56 ஏபிஓன்னா வடக்கு, மேற்கு. எந்த ஊருன்னு அதுல தெரியாது. ஆனா முத்திரைத் தேதி பொய் சொல்லாது.

வருசம் கேட்டா பெரியவங்க பெரும்பாலும் தடுமாறுவாங்க. நான் வருசத்தையே கேட்கறதில்லை. "பவானிசாகர் அணை கட்டி முடிக்கறதுக்கு முன்னயா, பொறவா?"ன்னா 1955 பிடிபடும். "எம்ஜிஆரைச் சுட்டப்ப லீவுல இருந்தாரா?"ன்னா 1967 ஜனவரி. இதுக்கெல்லாம் அவரைவிட வீட்டுல இருந்த ஆத்தாதான் சரியான சாட்சி. ஒரு ஆத்தா சொன்னாங்க: "பெரியவன் தவழறப்ப, மஞ்ச வெட்டுல வந்தாங்க கண்ணு." பையன் பொறந்தது 1965-ல. பாகிஸ்தானோட நடந்த சண்டை அந்த வருசம் செப்டம்பர் 23-ல நின்னுது, தாஷ்கண்ட் ஒப்பந்தம் 1966 ஜனவரி 10. மஞ்ச வெட்டு, அதாவது மஞ்சள் அறுவடை, தை, மாசியில. அப்ப அந்த லீவு 1966 தொடக்கம். பென்சன் புக்குல இதெல்லாம் இருக்காது.

எல்லாரும் துப்பாக்கி தூக்கலை. லாரி ஓட்டுனவர், சமையல் பார்த்தவர்னா அதையே விரிவா எழுதுங்க. எத்தனை பேருக்குச் சமைச்சாரு, பனியில டீசல் உறைஞ்சா என்ன பண்ணுனாரு, பட்டாள லைன்ல (படைக்காரங்க தங்கற எடத்துல) ஹிந்தி எப்படிக் கத்துக்கிட்டாரு. 'மாவீரன்'னு தலைப்பு வெக்கறது கட்-அவுட்டுக்காரங்க வேலை, நமக்கு வேண்டாம்.

அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை படிச்சுக் காட்டுங்க. ஒரு தடவை அவர் தனியா இருக்கறப்ப, இன்னொரு தடவை வீட்டுக்காரம்மா பக்கத்துல இருக்கறப்ப. ரெண்டு தடவையும் ஒரே திருத்தம் வராது.